இதை அன்புக் கதையா வாசிக்காதேங்கோ

தம்பியின்ர அக்ஸலோட்டல் சுகமாகி, திரும்ப மண்புழு சாப்பிடத் தொடங்கின அண்டைக்கு நான் அதின்ர படம் ஒண்டை ஸ்டேட்டஸில போட்டன். ஒரு மணித்தியாலத்துக்குள்ள இதயங்கள் குவிஞ்சுது. "நீ ஒரு தேவதையடி" எண்டு ஒருத்தி. "அன்பிருந்தால் எல்லாம் மாறும்" எண்டு எங்கட பட்ச் மெய்யியல்காரர். எனக்குக் கூச்சமாப் போச்சு. படத்தை அழிச்சுப்போட்டன்.

அதை வருத்தக்காரனாக்கினதே நாங்கள்தான். அதை ஒருத்தரும் கேக்கேல்லை.

தம்பிக்கு 12 வயசு. 2021இல மைன்கிராப்ட் விளையாட்டுக்குள்ள அக்ஸலோட்டல் வந்ததில இருந்து அவன்ர வகுப்பில பாதிப்பேருக்கு அந்தச் சிரிச்ச முகத்தில பைத்தியம். பிறந்தநாளுக்கு மாமா கொழும்பில ஒரு மீன்கடையில வாங்கி, பொலித்தீன் பையில போட்டு, இரவு பஸ்ஸில கொண்டுவந்தார். "மீன் மாதிரித்தான், சாதாரணத் தண்ணி காணும்" எண்டு கடைக்காரர் சொன்னவராம். தொட்டிக்கு அடியில போட நிறக் கல்லும் வித்திருக்கிறார். அந்தக் கல்லை அது இரையோட சேர்த்து விழுங்கினால் குடல் அடைச்சுச் செத்துப்போகும்.

அது மீனே இல்லை. தவளையைப் போல ஈரூடகவாழி. மெக்சிக்கோ நகரத்துக்குப் பக்கத்தில, கடல்மட்டத்தில இருந்து 2,200 மீற்றருக்கும் மேல இருக்கிற சொச்சிமில்கோ வாய்க்கால்களின்ர உயிர். அதுக்கு 16 – 18 பாகை செல்சியஸ் தண்ணி வேணும். 24ஐத் தாண்டினால் உடம்பு தாங்காது. எங்கட வீட்டு வாளித் தண்ணி மாசியிலேயே 27. சித்திரையைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை.

மூண்டாம் கிழமை சாப்பாட்டை விட்டுது. தலைக்கு ரெண்டு பக்கமும் இறகு மாதிரி விரிஞ்சிருக்கிற பூ முன்பக்கமா வளைஞ்சுது. பிறகு அதில பஞ்சு ஒட்டின மாதிரி வெள்ளையாப் பங்கசு. மிருக வைத்தியரிட்டக் கேட்டம். மாடு, நாய் எண்டால் கொண்டுவாங்கோ எண்டார். அவரில பிழை சொல்லேலாது, அவர் ஏன் மெக்சிக்கோப் பிராணி படிக்கவேணும்?

அதால நாங்களே வாசிச்சு வாசிச்சுச் செய்தம். ஐஸ்கிறீம் டப்பாவில தண்ணி விட்டு, மெல்ல மெல்லக் குளிராக்கி, பிரிட்ஜுக்குள்ள வைச்சம். 5 – 8 பாகையில பங்கசு வளருற வேகம் குறையும். பிராணியின்ர உடம்பும் மெதுவாகும், பசியும் குறைவு. ஒவ்வொரு நாளும் முழுத் தண்ணியும் மாத்தவேணும், மாத்திற தண்ணியும் அதே குளிரில இருக்கவேணும். அயடீன் சேராத கல்லுப்புக் கரைச்ச தண்ணியில காலையும் மாலையும் பத்து நிமிசம். அதுக்குக் கண்ணிமை கிடையாது, வெளிச்சம் பட்டால் மூடிக்கொள்ள வழியில்லை. பிரிட்ஜைத் திறக்கிற நேரமெல்லாம் டப்பாவுக்கு மேல துணி. தயிர்ச் சட்டிக்குப் பக்கத்தில உயிரோட ஒண்டு இருக்கிறதை அம்மா முதல் ரெண்டு நாளும் பாக்கவே மாட்டன் எண்டவ. மூண்டாம் நாள் துணி நனைச்சு வைச்சதே அவதான்.

2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை. பாணந்துறையில ஒரு குரங்கு மின் உபநிலையத்துக்குள்ள போனதால எண்டு சொன்னவை. நாடு முழுக்கக் கரண்ட் இல்லை. கடைகடையா ஐஸ் தேடி நான் சைக்கிளில. ஒரு பிராணி உயிரோட இருக்கிறதுக்கு இலங்கை முழுக்க மின்சாரம் ஒழுங்கா வரவேணும் எண்டால், அதை இந்த வெயிலுக்குள்ள கொண்டுவர ஆருக்கு என்ன உரிமை?

தண்ணி பரிசோதிக்கிற கீற்றுத்தாள் வாங்கி எங்கட கிணத்துத் தண்ணியில தோய்ச்சம். நைத்திரேற்றுக் கட்டம் கடும் சிவப்பு. வலிகாமக் கிணறுகளில தோட்டத்து உரம் இறங்கி நைத்திரேற்றுக் கூடின கதை புதுசில்லை. அக்ஸலோட்டலுக்கு வடிகட்டின தண்ணி கலந்து குடுத்தம். அம்மா ஒரேயொரு கேள்வி கேட்டா: "உதுக்குக் கூடாத தண்ணி எங்களுக்கு எப்பிடி ஆகும்?" அதுக்கு இப்பவும் என்னட்ட மறுமொழி இல்லை.

இனி, கோவம் வாற இடம். வருத்தம் எண்டு சொன்ன உடனே எல்லாரும் ஒரே விசயத்தைத்தான் சொல்லிச்சினம்: "பயப்பிடாதேங்கோ, அதுக்குக் கை போனாலும் முளைக்கும்." முளைக்கும், உண்மை. கால், வால், முள்ளந்தண்டின்ர நரம்புகூடத் திரும்ப வளரும். 1864இல பாரிசுக்குக் கொண்டுபோனதில இருந்து அதை ஆய்வுகூடங்களில வைச்சிருக்கிறதுக்கு அதுவும் ஒரு காரணம். ஆனால் சூடான, அமோனியா ஏறின தண்ணிக்குள்ள ஒண்டும் ஒழுங்கா ஆறாது. குளிரும் சுத்தமும் இருந்தால்தான் அந்தத் திறமைக்கு வேலை. "எப்பிடியும் மீண்டு வரும்" எண்டு சொல்லிச்சொல்லித்தான் காயப்படுத்தலாம் எண்ட துணிவு வருது. எங்கட சனத்தைப் பற்றியும் செயலமர்வுகளில இதைத்தான் சொல்லுறவை, மீண்டெழும் தன்மை எண்டு. கேக்கக் கேக்க எரிச்சல்.

சொச்சிமில்கோவில 1998 கணக்கெடுப்பில ஒரு சதுர கிலோமீற்றருக்கு 6,000 இருந்தது. 2014இல 36. அழுக்குத் தண்ணியும், வெளியில இருந்து கொண்டுவந்து விட்ட கார்ப், திலாப்பியா மீன்களும் அதுகளைத் தின்னுதுகள். அந்த நாட்டு 50 பேசோ நோட்டில அதின்ர படம் இருக்கு. உலகம் முழுக்கத் தொட்டிகளில இருக்கு. சொந்த வாய்க்காலில இல்லை. தொட்டியில வளர்த்தால் இனத்தைக் காப்பாத்தின மாதிரி எண்டு ஒருத்தர் எனக்குப் பாடம் எடுத்தார். தொட்டிகளில நிறைஞ்ச பிறகும் வாய்க்காலில 36தானே, ஐயா?

"அப்ப கொண்டுபோய்க் குளத்தில விடு" எண்டும் கேட்டினம். விட்டால் சூட்டில சாகும். சாகாட்டி எங்கட தவளைகளுக்கு எந்த நோயைக் குடுக்குமோ. விடேலாது. ஒழுங்காப் பாத்தால் 10, 15 வருசம் இருக்கக்கூடியது. அதுக்கிடையில தம்பி ஏஎல் முடிச்சு, கம்பஸும் முடிச்சிடுவான். தண்ணியைக் குளிராக்கிற மெசின் வாங்கிற காசுக்கு அவன்ர ஒரு வருச ரியூசன் போகும். அதுமட்டும் ஐஸ் போத்தல், நாலு மணித்தியாலத்துக்கு ஒருக்கா. இரவு ரெண்டு மணி முறை என்ர. அண்டைக்குச் சோதினை எண்டாலும் என்ர.

நான் எழும்புறது அன்பில எண்டு சொல்லமாட்டன். கொண்டுவந்திட்டம், இனி எழும்பத்தானே வேணும்.

படத்தை அழிக்க முதல் மூண்டு பேர் உள்பெட்டியில கேட்டவை, குட்டி போட்டால் ஒண்டு தருவீங்களோ எண்டு. அது குட்டி போடாது, முட்டைதான், ஒரு தரத்தில நூற்றுக்கணக்கில. எங்கடது தனிய இருக்கு, தனியத்தான் இருக்கும். கடையைக் கேட்டு எழுதினவைக்கு நான் பெயர் சொல்லேல்லை, சொல்லவும் மாட்டன்.