தொந்தி சரிஞ்சா அபசகுனமா?

அருணகிரிநாதர்னு சொன்னவுடனே "முத்தைத்தரு" பாட்டை மூச்சு விடாம ஒப்பிச்சுக் காட்டுற கோஷ்டிக்கு ஒரு கேள்வி. அதே மனுஷர் பாடின "தொந்தி சரிய" பாட்டை கடைசியா எப்போ கேட்டீங்க? முழுசா கேட்டீங்களா, இல்ல பாதியில யாராவது "வேற பாட்டு போடேன்"னு சொல்லிட்டாங்களா?

எனக்குத் தெரிஞ்சு இந்தப் பாட்டுக்கு ரெண்டு விதமான வரவேற்புதான் கிடைக்குது. "ஆகா, என்ன சந்தம்!"னு ஒண்ணு. "வீட்ல இதையெல்லாம் பாடக்கூடாது"ன்னு இன்னொண்ணு. சில வீட்டுல ஒரே ஆள் ரெண்டையும் சொல்றார். அந்த ரெண்டாவது வரவேற்பைப் பத்தித்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் காரமா இருக்கும், பொறுத்துக்கோங்க.

முதல்ல பாட்டுல என்ன இருக்குன்னு பார்த்துடலாம். இது திருச்செந்தூர்த் திருப்புகழ். வயசாகுது. வயிறு தொங்குது, முடி வெளுக்குது, பல்லு ஆடுது, முதுகு வளையுது, உதடு தொங்குது, கைக்கு தடி வருது. எதிர்ல வர்ற பொண்ணுங்க "யாருப்பா இந்தத் தொண்டு கிழம்"னு சிரிக்கிறாங்க. பேச்சுக்கு முன்னாடி இருமல் வந்து நிக்குது. கண்ணு போச்சு, காது போச்சு. வியாதி வருது, கூடவே வைத்தியரும் வர்றார். பசங்க வந்து சொத்து என்ன, கடன் எவ்வளவுன்னு விசாரிக்கிறாங்க. பொண்டாட்டி விழுந்து அழறா. எமனோட ஆளுங்க வாசல்ல நிக்கிறாங்க. அந்த நேரத்துக்கு நீ சீக்கிரமா மயில்ல ஏறி வந்துடுன்னு முருகன்கிட்ட ஒரு கோரிக்கை.

அவ்வளவுதான். இதுல எங்கே சாபம் இருக்கு? பதினஞ்சாம் நூற்றாண்டுல ஒருத்தர் நம்ம வீட்டுக் கூடத்துல உக்காந்து பார்த்த மாதிரி எழுதியிருக்கார். அதுவும் அழுதுக்கிட்டே இல்ல. அந்த இருமலுக்கு அவர் போட்டிருக்கிற சத்தம் சலங்கை மணிச் சத்தம்! சந்தம் துள்ளிக்கிட்டு ஓடுது, உள்ளே கிழவன் தடி ஊன்றி நடக்கிறான். தன்னைப் பார்த்துத் தானே சிரிக்கத் தெரிஞ்சவனாலதான் இப்படி எழுத முடியும். இளமையில தறிகெட்டு அலைஞ்சு, திருவண்ணாமலைக் கோபுரத்துலேர்ந்து குதிக்கப் போனவர்னு இவரைப் பத்திக் கதை சொல்றோம். அப்படிப்பட்டவர் பொண்ணுங்க தன்னைப் பார்த்துச் சிரிக்கிற மாதிரி ஒரு காட்சி வைக்கிறார்னா, அது யாரைக் குத்துறதுக்கு? தன்னைத்தான்.

சரி, இந்த மாதிரிப் பாட்டைக் கேக்குறவங்களை மூணு கட்சியா பிரிக்கலாம்.

ஒண்ணு: அபசகுனக் கட்சி. "நல்ல நாளும் அதுவுமா..."ன்னு ஆரம்பிப்பாங்க. பட்டினத்தார் புத்தகத்தை வீட்டுல வைக்க விடாதவங்களும் இவங்கதான். சினிமாவுலயும் இந்தக் கட்சிக்கு ஆள் உண்டு. 'ஒரு தலை ராகம்' (1980) படத்துல, தன்னை ராசியில்லாதவன்னு சொல்லிக்கிற பாட்டைப் பாடினதாலதான் டி.எம்.எஸ்ஸுக்கு வாய்ப்பு குறைஞ்சுதுன்னு ஒரு பேச்சு இன்னிக்கும் ஓடுது, அவரே அப்படி நினைச்சார்னும் சொல்லுவாங்க. கொஞ்சம் காலண்டரைப் பாருங்க சாமி. 1976-ல 'அன்னக்கிளி' வந்து இளையராஜா அலை ஆரம்பிச்சாச்சு. 1977-ல எம்.ஜி.ஆர். முதலமைச்சர் ஆகி நடிப்பை விட்டாச்சு. அவருக்குப் பாடிக்கிட்டு இருந்த குரலுக்குப் பாதி வேலை அங்கேயே போச்சு. 1922-ல பிறந்தவருக்கு 1980-ல 58 வயசு. இவ்வளவு காரணம் கண்ணு முன்னாடி இருக்கும்போது பழி மட்டும் ஒரு பாட்டு மேல! இதே டி.எம்.எஸ்.தான் 1964-ல 'அருணகிரிநாதர்' படத்துல அருணகிரியாவே நடிச்சு "முத்தைத்தரு"வை ஊரெல்லாம் முணுமுணுக்க வச்சவர். அந்தப் பாட்டால அவருக்கு ஆயுசு கூடிச்சுன்னு யாராவது சொன்னாங்களா? நல்லதுக்கு குரல் காரணம், கெட்டதுக்கு மட்டும் பாட்டு காரணமாம். நல்ல கணக்கு.

ரெண்டு: மலரும் நினைவுகள் கட்சி. இவங்க வயசாகுற பாட்டைத் தடுக்க மாட்டாங்க, ஆனா அதுல இனிப்பை மட்டும் நக்கிட்டு வச்சிடுவாங்க. 'முதல் மரியாதை' (1985) படத்துல சிவாஜிக்காக மலேசியா வாசுதேவன் பாடினதைக் கேட்டு உருகுறவங்கதான். நானும் உருகுவேன், அதுல தப்பில்ல. ஆனா அந்தப் பெரியவருக்கு மூட்டு வலிக்காது, காது அடைக்காது, ராத்திரி நாலு தடவை எழுந்திரிக்க வேணாம். அதனாலதான் கேக்க சுகமா இருக்கு.

புறநானூறு 243-வது பாட்டை எடுத்துக்கோங்க. தமிழ்ல வயசானதைப் பத்தி வந்த ஏக்கப் பாட்டுகள்ல அதுக்கு மேல ஒண்ணு இருக்கான்னு எனக்குச் சந்தேகம். ஒரு கிழவர், அலட்டிக்காம, ஆர்ப்பாட்டம் இல்லாம, பேச்சு வாக்குல சொல்லிக்கிட்டே போறார். ஈர மணல்ல பொம்மை பண்ணிப் பூ வச்சோம், குளத்துல பொண்ணுங்களோட கைகோத்து ஆடினோம், தண்ணிக்கு மேல சாஞ்ச மருதமரக் கிளையில ஏறி, பார்க்கிறவங்க அசந்து போற மாதிரி மடுவுல குதிச்சு, அடியிலேர்ந்து மணலை அள்ளிக்கிட்டு வந்தோம்னு. இந்த இடம் வரைக்கும் எல்லாருக்கும் பிடிக்கும். பள்ளிக்கூட ஆண்டு மலர்ல போடலாம். ஆனா பாட்டு அங்கே முடியல. அந்த இளமை இப்போ எங்கேன்னு கேட்டுட்டு, பூண் போட்ட தடியை ஊன்றிக்கிட்டு, உடம்பு நடுங்க, இருமலுக்கு நடுவுல நாலே வார்த்தை பேசுற தன் நிலைமையில வந்து நிக்கிறார். அந்தத் தடியைப் பத்தி அவர் சொன்ன தொடர்தான் அவருக்குப் பேராவே ஆயிடுச்சு: தொடித்தலை விழுத்தண்டினார். சொந்தப் பேரு நமக்குக் கிடைக்கல, தடி மட்டும் கிடைச்சிருக்கு. தொகுத்தவங்க இந்தப் பாட்டுக்குக் குடுத்த துறை என்ன தெரியுமா? கையறுநிலை. செத்துப்போன அரசனுக்காக அழுற பாட்டுகளுக்குக் குடுக்கிற துறை. இங்கே செத்தது இளமை. குளத்தை எடுத்துக்கிட்டு இருமலை விட்டுட்டுப் போறவங்களுக்கு இது புரியாது.

மூணு: உபதேசக் கட்சி. "பார்த்தியா, இளமை நிலையில்லை, அதனால இப்பவே கோயிலுக்குப் போ"ன்னு பாட்டை நோட்டீஸா அச்சடிக்கிற ஆளுங்க. இவங்க பாட்டை நிறுத்த மாட்டாங்க, அதுல இருக்குற கிழவனை நிறுத்திடுவாங்க. அவங்களுக்கு அவன் ஒரு உதாரணம். சின்னப் பசங்களைப் பயமுறுத்த ஒரு பூச்சாண்டி. அந்தக் கிழவனுக்கு வெக்கம் இருக்கு, கோவம் இருக்கு, பசங்க கடன் கணக்கு கேக்கும்போது மனசு வலிக்குதுங்கிறது இவங்க காதுல விழாது.

இப்போ நான் எங்க ஊருக்கு வர்றேன். வயசான பாட்டு அபசகுனம்னு உலகத்துல எந்த ஊர்க்காரன் வேணா சொல்லலாம், திருத்தணிக்காரன் சொல்லக்கூடாது. ஏன்னு சொல்றேன்.

எங்க சாமி முருகன். அந்தப் பேருக்கே இளமை, அழகுன்னு அர்த்தம். அந்த என்றும் இளையவன் வேலூர்ப் பக்கத்து வள்ளிமலையில வள்ளியைத் தேடிப் போனப்போ என்ன வேஷம் போட்டான்? தள்ளாத கிழவன் வேஷம். தினைமாவும் தேனும் வாங்கித் தின்னு, தண்ணி கேட்டு, அலப்பறை பண்ணித்தான் கல்யாணமே நடந்துச்சு. அந்த வள்ளியோட வந்து உக்காந்த மலைதான் தணிகை. கிழவன் வேஷம் அபசகுனம்னா எங்க ஊர்ல சாமிக்கே கல்யாணம் ஆகியிருக்காது :-)

அடுத்தது முத்துசுவாமி தீட்சிதர். திருத்தணி மலையில அவர் வாயில கற்கண்டு போட்டுப் பாட வச்சது யாருன்னு கதை சொல்லுது? ஒரு வயசான மனுஷர். அங்கேதான் "ஸ்ரீநாதாதி குருகுஹோ" பிறந்ததுன்னு சங்கீதக்காரங்க சொல்றாங்க. வாலிபனா வந்து குடுத்திருந்தா கற்கண்டு கசந்திருக்குமா என்ன, ஆனா கதைக்குக் கிழவர்தான் தேவைப்பட்டிருக்கார்.

பக்கத்துலயே திருவாலங்காடு. இளமையையும் அழகையும் தானா கேட்டுக் கழட்டிப் போட்டுட்டு பேய் உருவம் வாங்கிக்கிட்ட காரைக்கால் அம்மையார் வந்து பாடின ஊர். வத்தின உடம்பு, குழிவிழுந்த கண்ணுன்னு பேய்மகளை அவங்க பாடினதைப் பதினோராம் திருமுறையில சேர்த்து வச்சு நாம கும்பிடுறோம். ஆனா வீட்டுல ஒரு பாட்டி தன் முழங்காலைப் பத்திப் பாடினா "உஷ்".

உஷ் சொன்னதை நான் கண்ணால பார்த்தேன். சொந்தத்துல ஒரு மணிவிழா. அறுபதாம் கல்யாணம். சாயங்காலம் எல்லாரும் பாடிக்கிட்டு இருந்தாங்க. எண்பது தாண்டின ஒரு பாட்டி, நல்லா பாடக்கூடியவங்க, "தொந்தி சரிய" எடுத்தாங்க. நாலு அடி போகல. "அத்தே, நல்ல நாள்ல நல்ல பாட்டா பாடுங்களேன்"னு ஒரு குரல். பாட்டி சிரிச்சுட்டு நிறுத்திட்டாங்க. அப்புறம் யார் கேட்டும் பாடல. மேடையில மாலையோட உக்காந்திருந்தவருக்கு அன்னிக்குக் காலையிலதான் தலைக்கு டை அடிச்சிருந்தாங்க. யோசிச்சுப் பாருங்க. அறுபது வயசு ஆச்சுன்னு ஊரைக் கூட்டிச் சாப்பாடு போடுற ஒரு விழாவுல, வயசாகுதுன்னு சொல்ற பாட்டுக்கு இடம் இல்ல.

இதுல என்னைக் கடுப்பேத்தினது சகுனம் இல்ல. அந்தப் பாட்டி மனசு நோகும்னு ஒருத்தர் சொன்னார் பாருங்க, அதான். பாட்டியே விரும்பி எடுத்த பாட்டு அது! அவங்களுக்குப் பல்லு ஆடுறதும் காது மந்தமாகுறதும் பாட்டுல கேட்டுத்தான் தெரியணுமா? அவங்க எதிர்லயே, காதுல விழாதுன்னு நினைச்சு, மனைப் பாகம் பிரிக்கிறதைப் பேசுறவங்கதான் நாம. அதைப் பேசலாம், அதைப் பாடினா மட்டும் தப்பு. பயந்தது பாட்டி இல்ல. நாற்பதுலயும் ஐம்பதுலயும் இருந்தவங்க பயந்தாங்க. அந்தப் பயத்துக்குப் பாட்டி பேரை வச்சாங்க.

நியாயமா ஒரு எதிர்வாதம் இருக்கு, அதையும் சொல்லிடறேன். படுக்கையில இருக்கிற ஒருத்தர் தலைமாட்டுல போய் இதைப் பாடுவியான்னு கேப்பீங்க. பாட மாட்டேன். அவர் கேட்டா பாடுவேன். வித்தியாசம் அதுலதான் இருக்கு. கேக்கணுமா வேணாமான்னு முடிவு பண்ண வேண்டியது அவர். சில பேருக்கு வலிக்கும், வேணாம்பாங்க. சில பேருக்கு "அப்பாடா, எனக்கு மட்டும் இல்ல, அறுநூறு வருஷம் முன்னாடியே ஒருத்தனுக்கு இதே இருமல்"னு ஆறுதலா இருக்கும். ஒரே ஆளுக்குக் காலையில ஒண்ணும் ராத்திரியில இன்னொண்ணுமா இருக்கலாம். இந்த ரெண்டுங்கெட்டான் மனசுதான் இந்தப் பாட்டுகளோட உண்மையான இடம். சிரிப்பும் வருது, தொண்டையும் அடைக்குது. அதைத் தாங்கிக்காம ஒரு பக்கத்தை வெட்டி எறியறதுதான் மூணு கட்சியும் பண்ற வேலை.

"உனக்கென்னடா, முப்பதுகூட ஆகல, கிழவன் பாட்டுக்கு வக்காலத்தா?"ன்னு கேக்கப் போறவங்களுக்கு: மருதமரத்துலேர்ந்து குதிச்சவனும் அப்போ முப்பதைத் தொட்டிருக்க மாட்டான்.

வடக்குப்பட்டு த. சுப்பிரமணிய பிள்ளை ஊர் ஊரா ஏடு தேடி அலைஞ்சு, 1894-லயும் 1901-லயும் திருப்புகழை ரெண்டு பாகமா அச்சுல கொண்டுவந்தார். அவர் மகன் செங்கல்வராய பிள்ளை, எங்க மலைப் பேரையே பட்டமா வாங்கின தணிகைமணி, உரை எழுதினார். அவங்க யாரும் "இது மங்களம், இது அமங்களம்"னு பிரிச்சு, பாதியைக் குப்பையில போடல. அப்படிப் போட்டிருந்தா இன்னிக்கு நாம வேணாம்னு சொல்றதுக்குக்கூட அந்தப் பாட்டு இருந்திருக்காது.

கடைசியா ஒரு கோரிக்கை. டிசம்பர் 31 ராத்திரி எங்க ஊர்ல திருப்புகழ்ப் படி விழா. புது வருஷத்தன்னிக்கு வெள்ளைக்கார துரைமார் வாசல்ல எலுமிச்சம்பழத்தோட நிக்காம, தணிகை துரையைப் பார்க்கப் போங்கன்னு சொல்லி வள்ளிமலை சுவாமிகள் ஆரம்பிச்சு வச்சது. 365 படி, வருஷத்துல ஒரு நாளுக்கு ஒரு படின்னு கணக்கு. படிக்குப் படி பாடிக்கிட்டு ஏறுவாங்க. மேலே போய்ச் சேரும்போது எல்லாருக்கும் ஒரு வருஷம் கூடியிருக்கும், மூச்சு வாங்கும், முட்டி பேசும். "தொந்தி சரிய" பாட இதை விடப் பொருத்தமான இடம் தமிழ்நாட்டுல வேற எது? இந்த வருஷம் வர்ற பஜனைக் குழுக்கள், உங்க குழுவுல இருக்கிற வயசான குரலா பார்த்து அந்தப் பாட்டைக் குடுங்க. யாராவது "நல்ல பாட்டா பாடுங்க"ன்னா, நல்ல பாட்டுதான்னு சொல்லிட்டு அடுத்த படி ஏறுங்க.

டிஸ்கி: மேலே சொன்ன மூணு கட்சியிலயும் சேராதவங்க பின்னூட்டத்துல வந்து சண்டை போடலாம். மூணுலயும் இருக்கிறவங்களும் வரலாம், கூட்டணி நமக்குப் புதுசா என்ன :-)