கூலி கொடாத வாசகன்

இணையத்தில் எழுதி வைப்பதை இன்று மனிதர் மட்டும் படிப்பதில்லை. செயற்கை அறிவு நிறுவனங்கள் ஏவிவிடும் இயந்திர முகவர்கள் இரவு பகலாய் வாரிக்கொண்டு போகின்றன. கேட்டவருக்கு அவையே விடை சொல்லிவிடுகிறபடியால், எழுதியவனுடைய வாசலுக்கு வாசகர் வருவது குறைகிறது. விளம்பரமும் சந்தாவும் அதனோடு போகின்றன. இதைத் தடுப்பது பிற்போக்காம்! வந்தவன் யாரென்று கேட்பதுமா பிற்போக்கு?

1994-ல் ஏற்பட்ட 'ரோபாட்ஸ்' அறிவிப்பு, வாசலில் "உள்ளே வராதீர்" என்று தொங்கும் பலகையே. மதியாதவன் நுழைந்தால் கேட்பாரில்லை. இப்பொழுதோ, முகவர் தான் இன்னாருடைய ஆள் என்பதை மறைகுறிக் கையொப்பத்தால் மெய்ப்பிக்க வழி பிறந்திருக்கிறது. பெயர் மெய்யானால் விலையும் கேட்கலாம். "பணம் கட்டுக" என்று பொருள்படும் 402 என்னும் குறியெண் 1990-களிலிருந்தே இணைய விதிகளில் பயனின்றிக் கிடந்தது; 2025 ஜூலையில் கிளவுட்ஃபிளேர் நிறுவனம் அதைக் கையிலெடுத்து, நுழைவுக்கு இவ்வளவென வாங்கும் ஏற்பாட்டைச் சோதனையாகத் தொடங்கிற்று.

சிங்கப்பூரின் 2021-ம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம், கணினிவழித் தரவு ஆய்வுக்காக நகலெடுக்க வணிகருக்கும் இடமளிக்கிறது. ஒப்பந்தம் எழுதி அதை மறுக்கவும் இயலாது. ஆனால் முறையாய் உள்ளே வந்திருக்க வேண்டும். கட்டணக் கதவை ஏமாற்றித் தாண்டுவது முறையன்று. ஆக, நமக்குள்ள பிடி கதவு ஒன்றே. கதவே இல்லாதவன் எதைச் சொல்லி வழக்காடுவான்?

ஆயினும், இதைச் சாக்கிட்டு மனிதரிடமும் அடையாளச் சீட்டுக் கேட்கத் தலைப்படுவோரை நாம் ஒப்போம். தோட்டத்தில் பிறந்தும் பிறப்புப் பத்திரமின்றி, அடையாள அட்டைக்காக அலுவலகம் அலுவலகமாய் அலைந்தவர் நம்மில் எத்தனை பேர்! சீட்டில்லாதவனுக்குப் பள்ளியும் வேலையும் எவ்வாறு எட்டாமற் போகும் என்பதை நமக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. படிப்பகத்துப் பெஞ்சில் பத்திரிகை விரித்தவனைப் பெயர் கேட்டா உட்காரவைத்தோம்? அவன் படித்தது தனக்காக. இயந்திரம் வாருவது விற்பதற்காக. சீட்டும் காசும் இயந்திரத்திடமே கேட்கப்பட வேண்டும்.

காசு வந்தால் மட்டும் போதுமோ? அன்று கங்காணி ஆள் தலைக்குக் காசு பிடித்தான். இன்று நடுவில் நிற்கும் நிறுவனமும் பத்திரிகை முதலாளியும் பிடித்துக்கொண்டால், எழுதியவன் பழைய கூலியாகவே நிற்பான். தமிழ்ப் பக்கங்கள் நடத்துவோர் தம் விலையைத் தாமே குறிக்கட்டும். அதில் எழுத்தாளன் பங்கு எவ்வளவு என்பதையும் எழுத்தில் காட்டட்டும். காட்டுவார்களா?