நூலகக் கணினி யாருக்காக?

ஓசூர் ஆலைகளில் விரல்களை இழந்தவர்களும், சர்க்கரை நோயால் விழித்திரை பழுதுற்றவர்களும் எங்கள் மருத்துவமனைக்குப் புதியவர்கள் அல்லர். காயம் ஆறுகிறது; எஞ்சிய பார்வை காக்கப்படுகிறது. இனி எதைப் படிப்பது, எந்த வேலைக்கு எவ்வாறு விண்ணப்பிப்பது என்று அவர்கள் கேட்கும்போது மருந்துச் சீட்டு பயன்படுவதில்லை. மாற்றுத்திறனாளிக்கான தனித்துவ அடையாள அட்டைக்கே இணையத்தில்தான் பதிய வேண்டியுள்ளது. வீட்டில் கணினி இல்லாதவருக்குப் பொது நூலகமே துணை. ஆதலால் நூலகக் கணினியை மறுவாழ்வுச் சிகிச்சையின் ஒரு பகுதியாகவே கருதுகிறோம்.

செலவு மிகும் என்னும் காரணத்தை நாங்கள் ஏற்கவில்லை. திரையில் உள்ளதைப் படித்துக்காட்டும் என்.வி.டி.ஏ. மென்பொருள் இலவசமானது, தமிழையும் படிக்கும். ஒரு கையால் தட்டச்சு செய்வோருக்கான ‘ஸ்டிக்கி கீஸ்’ வசதி விண்டோஸ் கணினியிலேயே உள்ளது. ஷிப்ட் விசையை ஐந்து முறை அழுத்தினால் அது தோன்றும் (பலர் தொல்லையென்று அணைத்துவிடுவது இதைத்தான்). பின்னர், ஒருசேர அழுத்த வேண்டிய விசைகளை ஒன்றன்பின் ஒன்றாக அழுத்தலாம். எழுத்தைப் பெரிதாக்கும் வசதியும் அதிலேயே உண்டு. வாங்க வேண்டியது ஹெட்போன். அமைக்க வேண்டியது தரைத்தளத்தில், சக்கர நாற்காலி நுழையும் மேசை.

கடினமான தடை நூல்களில் இருக்கிறது. பழைய தமிழ் நூல்கள் பல, பக்கங்களின் படங்களாகவே மின்னூலாக்கப்பட்டுள்ளன. படத்தில் உள்ள எழுத்தைத் திரைபடிப்பான் நேரடியாகப் படிக்க இயலாது. யூனிகோடு அல்லாத பழைய எழுத்துருவில் தட்டச்சிட்ட ஆவணமோ பொருளற்ற ஒலியாகவே செவியில் விழும். தமிழக அரசு 2010-இல் யூனிகோடை ஏற்றுக்கொண்ட பின்னரும் பழைய எழுத்துருக்கள் மறையவில்லை. தெலுங்கும் கன்னடமும் பேசும் எல்லைப்புற மக்களுக்கு அவ்விரு மொழிக் குரல்களும் கணினியில் வேண்டும்.

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 42-ஆம் பிரிவு, மின்னணு வடிவிலுள்ளவை அவர்கள் அணுகத்தக்கவையாக இருக்க வேண்டும் என்கிறது. பார்வையற்றோருக்கான நூல்கள் குறித்த மராகேஷ் உடன்படிக்கையை 2014-இல் முதலில் உறுதிசெய்த நாடு இந்தியாவே. சென்னை அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் பிரெய்ல் பிரிவு உள்ளது. ஆனால் ஓசூரிலிருந்து சென்னை ஏறத்தாழ 300 கி.மீ. சொத்துவரியோடு நூலக வரியை இவ்வூர் மக்களும்தான் செலுத்துகின்றனர்.

எனவே, நோயாளியை அழைத்துவரும் உறவினர்களுக்கு ஒரு வேண்டுகோள்: அருகிலுள்ள நூலகத்திற்குச் சென்று, அங்குள்ள கணினியில் திரைபடிப்பான் உண்டா எனக் கேளுங்கள். இல்லையெனில் நிறுவித் தரும்படி நூலகரிடம் எழுத்தில் கொடுங்கள். ஹெட்போன் இல்லாத இடத்திற்கு உங்களுடையதையே எடுத்துச் செல்லலாம்.