நம் ஊருக்குக் காசினோ வேண்டுமா?

"சுற்றுலா வளர நம் ஊரில் காசினோ திறக்கலாமா?" இதுவே இந்த ஆண்டு எங்கள் வகுப்பு இலக்கிய மன்றத்தில் விவாதத்திற்கு வந்த தலைப்பு. சிரித்துக்கொண்டேதான் தொடங்கினோம். மணி அடித்த பின்னும் பேச்சு முடியவில்லை. ஆகவே இதை எழுதுகிறோம்.

திறக்கலாம் என்ற தோழியர் சொன்னதை முதலில் கூறுவதே நியாயம். படித்துவிட்டு வேலையின்றி இருக்கும் அண்ணன்மார் தெருவுக்குத் தெரு உண்டு. காசினோ வந்தால் விடுதிகள் வரும், வேலை வரும், அரசுக்கு வரி வரும். ஆடுபவர் தம் சொந்தப் பணத்தில்தானே ஆடுகிறார்?

இது வெறும் வாய்ப்பேச்சன்று. தென்கொரியாவில் கங்வோன் மாநிலத்தில் நிலக்கரிச் சுரங்கங்கள் மூடப்பட்டு ஊர்கள் வெறிச்சோடின. அவற்றுக்குப் புதுவாழ்வு தர 1995-இல் தனிச் சட்டமே இயற்றினார்கள். 2000-இல் அங்கே காசினோ திறக்கப்பட்டது. கொரியக் குடிமக்கள் ஆடக்கூடிய ஒரே காசினோ அதுதான். சொன்னபடி வேலை வந்தது. அதன் பின்னாலேயே அடகுக் கடைகளும் வந்தன. தோற்றவர்கள் கைக்கடிகாரத்தையும் காரையும் அங்கே வைத்துவிட்டு மீண்டும் ஆடப் போனார்கள்.

மற்ற இடங்களைப் பற்றியும் தேடிப் படித்தோம். மொனாக்கோ நாட்டின் காசினோ உலகப் புகழ் பெற்றது. அந்நாட்டுக் குடிமக்கள் அதில் ஆடக்கூடாது. நேபாளத்திலும் அப்படியே. சிங்கப்பூரில் 2010-இல் இரண்டு காசினோக்கள் திறக்கப்பட்டன. வெளிநாட்டுப் பயணிகளுக்கு இல்லாத நுழைவுக் கட்டணத்தைச் சொந்தக் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் நாளொன்றுக்கு 100 வெள்ளி என்று விதித்தார்கள். 2019-இல் அதை 150 ஆக உயர்த்தினார்கள். கோவாவில் மாண்டோவி ஆற்றில் காசினோக் கப்பல்கள் நிற்கின்றன. 2020 பிப்ரவரி முதல் கோவா மக்களுக்கு அவற்றில் அனுமதியில்லை.

நல்ல பண்டம் என்றால் வீட்டுப் பிள்ளைக்குக் கொடுக்காமல் இருப்போமா? நம் பிள்ளைக்கு ஆகாது என்று ஒளித்து வைத்ததை விருந்தாளியின் இலையில் வைப்பது என்ன உபசாரம்? அந்த விருந்தாளியும் எங்கோ ஒரு வீட்டில் ஒரு பெண்ணுக்குத் தகப்பனார் அல்லவா?

நாங்கள் இவ்வாண்டு கணக்கில் நிகழ்தகவு படிக்கிறோம். ஐரோப்பிய ரூலெட் சக்கரத்தில் 0 முதல் 36 வரை 37 எண்கள் உள்ளன. வந்த எண்ணில் ஒரு ரூபாய் வைத்திருந்தால் அந்த ரூபாயும், அதன் மேல் 35 ரூபாயும் கிடைக்கும். சரி, 37 எண்களிலும் ஒவ்வொரு ரூபாய் வைத்துப் பார்ப்போம். கொடுத்தது 37; வந்தது 36. எந்த எண் வந்தாலும் ஒரு ரூபாய் முதலாளிக்குத்தான். ஒருநாள் மாலை அதிர்ஷ்டம் நம் பக்கம் இருக்கலாம். கணக்கு என்றும் அவர் பக்கமே. வேலைக்காரரின் சம்பளமும் அரசின் வரியும் அந்த ஒரு ரூபாயிலிருந்துதான் வரவேண்டும். ஆகவே நிறையப் பேர் தோற்றால்தான் ஊர் செழிக்கும் என்றாகிறது.

சூதுக்கென்றே ஓர் அதிகாரம் எழுதிய வள்ளுவர், அதில் கிடைக்கும் வெற்றியைத் தூண்டில் முள்ளை மீன் விழுங்கியதற்கு ஒப்பிட்டார். தமிழ்நாட்டில் 1968-இல் அரசே பரிசுச் சீட்டு நடத்தத் தொடங்கியது. 2003-இல் எல்லா லாட்டரிச் சீட்டுகளின் விற்பனையும் தடை செய்யப்பட்டது. அந்தக் காலத்தை நாங்கள் பார்த்ததில்லை. ஆனால் எங்களுள் ஒருத்தியின் பாட்டி தம் டிரங்குப் பெட்டியில், தாத்தா வாங்கிய பழைய சீட்டுகளை ரப்பர் வளையம் போட்டு இன்னும் வைத்திருக்கிறார். "ஏன் பாட்டி இதைத் தூக்கிப் போடவில்லை?" என்று கேட்டாளாம். "அது உங்க அத்தையோட படிப்பு, கண்ணு" என்றாராம் பாட்டி. அத்தை எட்டாம் வகுப்போடு நின்றவர்.

இவ்வளவும் பேசியபோது ஒரு தோழி எழுந்து, "நம் பள்ளி விழாவில் நாமே குலுக்கல் சீட்டு விற்றோமே, அது மட்டும் என்ன?" என்றாள். சற்று நேரம் யாரும் பேசவில்லை. அது நல்ல காரியத்திற்காக. விட்ட பணத்தைப் பிடிக்க மறுநாளும் ஓடிவந்தவர் யாருமில்லை. ஆயினும், "வாங்குங்கள் மாமா, பரிசு உங்களுக்குத்தான்" என்று கூவியது நாங்கள்தான். அது உண்மையன்று என்று எங்களுக்குத் தெரியும். அடுத்த ஆண்டு குலுக்கலுக்குப் பதிலாகக் கைவேலைப் பொருட்களும் பலகாரமும் விற்று அதே தொகையைத் திரட்ட, அன்பு சகோதரிகள் எங்களுக்கு அனுமதி தரவேண்டுகிறோம்.

இறுதியில் கைதூக்கிப் பார்த்தோம். வேண்டாம் என்றவரே மிகுதி. ஆனால் வேண்டும் என்ற தோழியர் கேட்ட வேலை இன்னும் கேள்வியாகவே நிற்கிறது. காசினோ வேண்டாம் என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போவது எளிது. அந்த அண்ணன்மாருக்கு வேறு என்ன வழி என்று ஊர்ப் பெரியோர்களைக் கேட்பதும், வளர்ந்தபின் அதற்கு நாமே உழைப்பதும் நம் கடமையாகும்.