வெற்றுத் தோட்டாவும் விரிசல் முகவையும்

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் – வேதியியல்)

சென்ற ஆண்டு தேசிய மாணவர் படை முகாமில்தான் முதன்முறையாகத் துப்பாக்கியைத் தொட்டேன். குப்புறப் படுத்து ஐந்து முறை சுட்டேன். அவற்றில் எத்தனை இலக்கில் பட்டன என்பதை இங்கே எழுதாமல் விடுவதே என் மானத்துக்கு நல்லது. சுட்டு முடித்ததும் ஹவில்தார் வெற்றுக் கூடுகளை எண்ணினார். ஒன்று குறைந்தது. அத்தனை பேரும் வெயிலில் புல்லைத் தடவித் தேடினோம். கடைசியில் அது என் கால்சட்டை மடிப்பிலேயே இருந்தது!

வெடித்துத் தீர்ந்த பித்தளைத் துண்டுக்கு இத்தனை மதிப்பா என்ற கேள்வியோடு நூலகத்துக்குப் போனேன். படித்ததில் என் எண்ணமே மாறியது. அதைத்தான் இங்கே சொல்ல விரும்புகிறேன்.

ஒரு தோட்டாவில் நான்கு பகுதிகள் உண்டு: குண்டு, வெடிமருந்து, தீ மூட்டும் பிரைமர், இவற்றைத் தாங்கும் பித்தளைக் கூடு. சுட்டபின் மிஞ்சுவது கூடு மட்டுமே. நாங்கள் சுட்ட 0.22 ரகத்தில் தீமூட்டும் மருந்து கூட்டின் விளிம்புக்குள்ளேயே இருப்பதால் அதை மறுபடி நிரப்புவதில்லை. எங்களை எண்ண வைத்தது கணக்குக்காகவே. பெரிய ரைபிள் தோட்டாக்களில் பிரைமர் அடிப்பாகத்தின் நடுவில் தனியே பொருத்தப்படுகிறது. எனவே கூட்டை மீண்டும் நிரப்பலாம். அமெரிக்காவில் வேட்டையாடுவோரும் குறிபார்த்துச் சுடும் விளையாட்டினரும் இதை வீட்டிலேயே செய்கிறார்கள். நம் நாட்டில் 1959 ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமமின்றித் தோட்டா தயாரிப்பது குற்றம். நான் பேச வந்தது அந்தத் தொழிலைப் பற்றி அன்று. அதிலுள்ள சிக்கனத்தைப் பற்றி.

2020 ஆம் ஆண்டு, பெருந்தொற்றுக் காலத்தில், அமெரிக்காவில் தோட்டா வாங்குவோர் பெருகிக் கடை அலமாரிகள் காலியாயின. புதிய கூடுகளும் அரிதாயின. இருப்பதைக் காப்பாற்றுவதே வழி என்றாயிற்று. கூட்டின் உலோகம் நூற்றுக்கு 70 பங்கு செம்பும் 30 பங்கு துத்தநாகமும் கலந்தது. சுடும்போது விரிகிறது, பழைய அளவுக்கு அழுத்தும்போது சுருங்குகிறது. இப்படி விரிந்து சுருங்கி உலோகம் இறுகிப்போய்க் கழுத்துப் பகுதி பிளக்கிறது. ஆகவே கழுத்தை மட்டும் சூடேற்றி இளக்குகிறார்கள்; அடிப்பாகம் இளகினால் அழுத்தத்தைத் தாங்காது என்பதால் அங்கே சூடு ஏறாமல் பார்த்துக்கொள்கிறார்கள். தேவைக்கு மேல் அழுத்துவதில்லை. நீண்டுபோன கூட்டின் வாயை அளந்து வெட்டுகிறார்கள். ஒவ்வொரு கூடும் எத்தனை முறை சுடப்பட்டது என்று குறித்து வைக்கிறார்கள்.

இவ்வளவு பேணுகிறவர்கள்தாம் கூடுகளைத் தயங்காமல் கழித்தும் விடுகிறார்கள்! கழுத்தில் மயிரிழை விரிசல் கண்டால் கழிக்கிறார்கள். அடிப்பாகத்துக்குச் சற்று மேலே பளபளப்பான வளையம் தெரிந்தால், வளைத்த கம்பியை உள்ளே விட்டுச் சுவர் மெலிந்திருக்கிறதா என்று தடவிப் பார்க்கிறார்கள். பள்ளம் தட்டினால் அதையும் கழிக்கிறார்கள். ஏனெனில் அந்த இடத்தில் கூடு பிய்ந்தால், கொதிக்கும் வாயு சுடுபவரின் முகத்தை நோக்கியே பாயக்கூடும். ஒரு கூட்டின் விலைக்கு ஒரு கண்ணை யார் கொடுப்பார்?

விரிசலைப் பற்றி நம் நாட்டோடு தொடர்புடைய செய்தி ஒன்றும் உண்டு. ஆங்கிலேயர் ஆட்சியில் இந்தியாவில் படையினர் தோட்டாக்களை மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் வைத்திருந்தார்கள். சுடாமலே அவை வெடிப்பு விட்டன. குதிரையின் சிறுநீரிலிருந்து எழும் அம்மோனியா, உள்ளிறுக்கம் கொண்ட பித்தளையைப் பிளக்கிறது என்பது 1921 ஆம் ஆண்டு ஆய்வில் விளக்கம் பெற்றது. பெட்டிக்குள் பத்திரமாக இருப்பதெல்லாம் நல்லதாகவே இருக்கும் என்று நம்பக் கூடாது என்பதற்கு இது சான்று.

இதைப் படித்தபோது எனக்கு என் தந்தையின் நினைவு வந்தது. அவர் பாத்திரங்களுக்கு ஈயம் பூசுபவர். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். அவர் உலோகவியல் படித்தவரல்லர். ஆனால் பித்தளை அண்டாவை விரலால் சுண்டி ஓசையைக் கேட்பார். ஓசை கணீரென்று இல்லாவிட்டால், "அம்மா, இது விரிசல் விட்டிருக்கு, பூசினாலும் நிக்காது" என்று திருப்பிக் கொடுத்துவிடுவார். அன்றைய கூலி போய்விடும். ஒருமுறை, "பூசிக் கொடுத்திருக்கலாமே அப்பா, நமக்கென்ன?" என்றேன். "சாப்பிடுறவங்க வயித்துக்குப் போறதுப்பா" என்றார். இல்லாத வீட்டில்தான் அந்தக் கூலியின் அருமை தெரியும். அப்படியும் அவர் பூசவில்லை.

இனி நம் ஆய்வகத்துக்கு வருவோம். நான் முன்பு படித்த ஓரிடத்தில், விரிசல் விட்ட முகவை சூட்டில் பிளந்து, அமிலம் என் நண்பனின் கையில் கொட்டியது. தழும்பு இன்றும் இருக்கிறது. அந்த விரிசல் முந்தைய வாரமே எங்களில் இருவருக்குத் தெரியும். ஏன் சொல்லவில்லை? சொன்னவன் தலையில் உடைப்புக் கட்டணம் விழும் என்ற பயம்! கட்டணத்தைக் கட்ட வீட்டில் பணம் கேட்க முடியாத பிள்ளைகள் நாங்கள். ஆகவே அலமாரியின் பின்வரிசையில் அதை மறைத்து வைத்தோம்.

அரசுக் கல்லூரியில் கருவிகள் குறைவுதான், சிக்கனம் தேவைதான். ஆனால் விரிசலை மறைக்க வைக்கும் சிக்கனம் சிக்கனமாகாது என்பது என் துணிபு. உடைத்தவனிடம் கட்டணம் வாங்குங்கள். விரிசலைக் கண்டு சொன்னவனிடம் வாங்காதீர்கள். ஒவ்வொரு ஆய்வகத்திலும் கழித்த கண்ணாடிக்கு ஒரு பெட்டியும் ஒரு குறிப்பேடும் வையுங்கள். ஆசிரியப் பெருமக்களிடம் நான் பணிவுடன் கேட்பது இவ்வளவே.

மாணவ நண்பர்களே! அடுத்த முறை முகவையை அடுப்பேற்றும் முன் வெளிச்சத்தில் ஒரு முறை திருப்பிப் பாருங்கள். விரிசல் தெரிந்தால் வாய் திறந்து சொல்லுங்கள். அன்று நாங்கள் சொல்லவில்லை.