எட்டுச் சொல் வேகமும் ஒரு தேர்வின் நோக்கமும்

அமெச்சூர் வானொலி உரிமம் பெற மோர்ஸ் குறியீட்டுத் தேர்வு கட்டாயமாக இருக்க வேண்டுமா என்ற விவாதம் பெரும்பாலும் வானொலி ஆர்வலர் வட்டத்திற்குள்ளேயே நடந்து முடிந்துவிடுகிறது. ஆயினும், ஒரு குறியீட்டை மனிதச் செவி எவ்வாறு கற்கிறது என்பது மொழியியலும் உளவியலும் எழுப்ப வேண்டிய வினா. அதற்கு விடை தேடாமல் வகுக்கப்படும் தேர்வு, தான் அளக்க விரும்பியதை அளப்பதில்லை.

நடைமுறையை முதலில் சொல்லிவிடுகிறேன். இந்தியாவில் இவ்வுரிமத்தை நிர்வகிப்பது, தில்லி சஞ்சார் பவனைத் தலைமையிடமாகக் கொண்ட தொலைத்தொடர்புத் துறையின் டபிள்யூ.பி.சி. பிரிவு. 1978ஆம் ஆண்டு விதிகளும் அவற்றின் திருத்தங்களும் வகுத்த முறைப்படி உரிமம் இரு தரமாகும். கட்டுப்படுத்தப்பட்ட தரத்திற்கு எழுத்துத் தேர்வு போதும். ஆனால் அலைபரப்பும் ஆற்றல் 50 வாட்டுக்கு மேற்படலாகாது. பொதுத் தரத்திற்கு 400 வாட் வரை இடமுண்டு. அதனைப் பெற, நிமிடத்திற்கு 8 சொல் வேகத்தில் மோர்ஸை அனுப்பவும் கேட்டு எழுதவும் வேண்டும்.

இக்கட்டாயத்திற்கு ஒரு காலத்தில் நியாயம் இருந்தது. கப்பல்களும் படைகளும் அதே குறியீட்டில் பேசின. அவற்றின் அபாய அழைப்பு குறுக்கிட்டால் அதனைப் புரிந்துகொண்டு விலக ஆர்வலரும் அறிந்திருக்க வேண்டியிருந்தது. 1999 பிப்ரவரியில் கடல்வழிப் பாதுகாப்புக்கான புதிய முறை முழுமையாக நடைமுறைக்கு வந்ததும் அந்த நியாயம் மறைந்தது. 2003இல் ஜெனீவாவில் கூடிய உலக வானொலித் தொடர்பு மாநாடு, 30 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழ்ப்பட்ட அலைவரிசைகளுக்கு மோர்ஸ் தேவை என்னும் பன்னாட்டு நிபந்தனையை நீக்கி, முடிவை அந்தந்த நாட்டிடமே விட்டது. அமெரிக்கா 2007இல் அத்தேர்வைக் கைவிட்டது. நம் நாட்டில் 2013 ஜூலையில் தந்திச் சேவையே நிறுத்தப்பட்டது.

இவற்றைக் கொண்டு மோர்ஸ் வழக்கொழிந்த பொருள் என்று முடிவு கட்டுவதற்கில்லை. அது ஓர் அழகிய ஒலியமைப்பு. புள்ளிக்கு ஓர் அலகு, கோட்டிற்கு மூன்று. எழுத்துகளுக்கிடையே மூன்றலகு மௌனம், சொற்களுக்கிடையே ஏழு. மெய்க்கு அரை, குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு என மாத்திரை வகுத்த தொல்காப்பிய மரபில் பயின்றவர்களுக்கு, கால அளவே பொருள் வேறுபாட்டைத் தரும் என்னும் இக்கருத்து அயலானதன்று.

சிக்கல் தேர்வு குறிக்கும் வேகத்தில் உள்ளது. அமெரிக்காவின் பிரையன், ஹார்ட்டர் ஆகிய இருவர் தந்திப் பணியாளர்களை ஆராய்ந்து 1897லும் 1899லும் கட்டுரைகள் வெளியிட்டனர். கற்போர் முதலில் எழுத்தையும், பின்னர் சொல்லையும், இறுதியில் தொடரையும் முழுவடிவாகக் கேட்கின்றனர் என்றும், இடையில் கற்றல் சிறிது காலம் தேங்குகிறது என்றும் அவர்கள் கண்டனர். அத்தேக்கம் எல்லாரிடமும் உண்டா என்பதைப் பின்வந்த ஃப்ரெட் கெல்லர் மறுத்தார். எனினும், தேர்ந்தவர் செவியில் விழுவது புள்ளிகளும் கோடுகளும் அல்ல, வடிவங்களே என்பதில் ஐயமில்லை.

8 சொல் வேகத்தில் ஓர் எழுத்துக்குச் சராசரியாக ஒன்றரை நொடி கிடைக்கிறது. புள்ளியையும் கோட்டையும் எண்ணிப் பார்த்து, மனத்திலுள்ள அட்டவணையில் தேடி எழுத அது போதும். தேர்வை முன்னிட்டுப் படிப்பவர் இயல்பாகவே இந்த எண்ணும் முறையைப் பற்றிக்கொள்வார். வேகம் கூடும்போது அதே பழக்கம் தடையாகும். எழுத்தை வேகமாக ஒலித்து இடைவெளியை மட்டும் நீட்டும் பயிற்சி முறை தோன்றியதே இதனைத் தவிர்க்கத்தான். ஆக, மோர்ஸைக் காப்பதாகச் சொல்லும் தேர்வு, மோர்ஸைக் கேட்கத் தெரியாதவரையும் தேர்ச்சி பெறச் செய்கிறது.

மறுதரப்பின் வாதம் வலுவற்றதன்று. குறைந்த ஆற்றலிலும் எளிய கருவியிலும் இரைச்சலைக் கடந்து செல்லும் திறன் மோர்ஸுக்கு உண்டு. ஆனால் ஒரு முறையின் சிறப்பு வேறு, அதனைக் கட்டாயமாக்குவதற்கான காரணம் வேறு. உரிமத்தேர்வின் பணி, பிறருக்குக் குறுக்கீடும் தீங்கும் விளைவிக்காதவரை அடையாளம் காண்பது. 400 வாட் கருவியைப் பாதுகாப்பாகக் கையாளுவார் என்பதற்கு 8 சொல் வேகம் எவ்வாறு சான்றாகும்?

இது வெறும் ஆர்வலர் வழக்கும் அன்று. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையின்போது போர்ட் பிளேரில் இருந்த பாரதி பிரசாத் குழுவினர், அமெச்சூர் வானொலி வழியே தீவுச் செய்திகளைப் பெருநிலத்திற்குச் சேர்த்தனர். அன்று உயிர்பிழைத்தோரின் பெயர்களைச் சுமந்து சென்றது மனிதக் குரல். அடுத்த புயலின்போது நாகப்பட்டினத்திலோ ஒடிசாக் கடற்கரையிலோ தொலைவெட்டும் ஆற்றலுடன் அத்தகையோர் எத்தனைபேர் இருப்பர் என்பதை இத்தரப்பிரிவும் ஓரளவு தீர்மானிக்கிறது.

எனவே பொதுத் தரத்திற்கான மோர்ஸ் கட்டாயம் நீக்கப்பட வேண்டும். அதனிடத்தில் குறுக்கீட்டைக் கண்டறிதல், பேரிடர்ச் செய்தியைப் பிழையின்றிக் கைமாற்றுதல் ஆகியவற்றில் செய்முறைத் தேர்வு அமையலாம். விரும்புவோர்க்கு மோர்ஸ் தனிச்சான்றிதழாக இருக்கட்டும். அதன் வேகம், செவி உண்மையில் கேட்கத் தொடங்கும் அளவுக்கு உயர்த்தப்படட்டும்.