பனியின் மேல் பழியா?

மார்கழிப் பனி கொட்டினாலும் திருவெள்ளறை விவசாயத் தொழிலாளி விடியலில் வயலுக்குப் போகிறார். போகாவிட்டால் கூலி இல்லை. பனியைச் சாக்குச் சொல்ல அவருக்கு வழியில்லை. விமானக் கம்பெனி முதலாளிகளுக்கோ அது கைகண்ட மருந்து!

2025 டிசம்பரில் இண்டிகோ கம்பெனி ஆயிரக்கணக்கான விமானங்களை ரத்து செய்தது. 5-ந் தேதி மட்டும் ஆயிரத்துக்கு மேல். கம்பெனி அடுக்கிய காரணங்களில் மோசமான வானிலையும் ஒன்று. உண்மை என்ன? விமானிகளின் வார ஓய்வை 36 மணியிலிருந்து 48 மணியாக உயர்த்திய புதிய விதிகள், நவம்பர் 1-ல் முழுமையாக அமுலுக்கு வந்தன. இது முன்கூட்டியே தெரிந்த தேதி. போதிய ஏற்பாடு செய்யவில்லை.

மூடுபனியில் ஓடுபாதை தெரியாவிட்டால் விமானம் நிற்கத்தான் வேண்டும். அதில் தகராறில்லை. பனி விலகியதும் பறக்க மாற்று விமானிகள் தயாராக இருக்க வேண்டும். அந்த மாற்று ஆளை வீண் செலவு என்கிறது லாபக் கணக்கு!

அமெரிக்காவிலும் இதே கதைதான். 2022 டிசம்பர் பனிப்புயலில் மற்றக் கம்பெனிகள் சீக்கிரமே நிமிர்ந்தன. சவுத்வெஸ்ட் கம்பெனியோ 16,000-க்கு மேற்பட்ட விமானங்களை ரத்து செய்தது. ஊழியருக்குப் பணி ஒதுக்கும் அதன் பழைய முறை நொறுங்கியது. தொழிற்சங்கங்கள் முன்பே எச்சரித்திருந்தன; நிர்வாகம் செவிசாய்க்கவில்லை.

நம் சர்க்கார் முதலில் செய்தது என்ன? இரவுப் பணி விதியிலிருந்து இண்டிகோவுக்கு 2026 பிப்ரவரி 10 வரை விலக்களித்தது! தவறு கம்பெனியுடையது, விழித்திருக்க வேண்டியவர் விமானி.

திருச்சியிலிருந்து வளைகுடாவுக்குப் பறக்கும் நம் தொழிலாளியின் உயிர், தூக்கம் கெடாத விமானியின் கையில்தான் பத்திரம். ஓய்வு சலுகையல்ல, உரிமை. விதியைத் தளர்த்தாதே; ஆட்களைச் சேர்!